ஓபிஹி: ஒரே பாறையில் மூன்று இனங்கள் பிரிய முடியுமா?

கரையோரன்: ஹவாயின் கருங்கல் கரைகளில் ஒட்டிக்கிடக்கும் கூம்பு ஓட்டு நத்தைதான் ஓபிஹி, லிம்பெட் வகை. செல்லானா பேரினத்தில் உலகில் வேறெங்கும் இல்லாத மூன்று இனங்கள் அங்கே உண்டு. அலைச்சாரல் தெறிக்கும் மேல்மட்டத்தில் எக்ஸராட்டா, அலை மோதும் கீழ்மட்டத்தில் சாண்ட்விசென்சிஸ், அதற்கும் கீழே நீருக்குள் டால்கோசா. உயிரியலாளர் கிறிஸ்டோபர் பேர்டும் சகாக்களும் 2011-இல் மரபணுக்களை ஒப்பிட்டு, மூன்றும் ஒரே மூதாதையின் வாரிசுகள் என்றார்கள். நெருங்கிய உறவினர்கள் இருப்பது ஜப்பான் பக்கம். என் கட்சி இதுதான்: தீவு தீவாக ஒதுங்காமலே, பாறையின் உயரமே இவற்றைப் பிரித்திருக்கிறது.

நெய்தல்: அதெப்படி? இவை முட்டையையும் விந்தையும் கடலில் கொட்டுபவை. ஓரிரு மீட்டர் மேலும் கீழும் இருப்பவை கலக்காமல் இருக்குமா? கலந்துகொண்டே இருந்தால் இனம் பிரியாது. வெவ்வேறு தீவுகளில் பிரிந்து, பிறகு ஒரே கரையில் வந்து சேர்ந்தன என்பதே எளிய விளக்கம்.

கரையோரன்: நில நத்தைக்கு அது சரி. ஓபிஹியின் இளவுயிரி நாட்கணக்கில் நீரில் மிதக்கும், பக்கத்துத் தீவு அதற்கு எட்டாத தூரமில்லை. மேல்மட்டத்தில் வெயிலும் வறட்சியும், கீழே அலையின் அடி. இரண்டுக்கும் நடுவான கலப்பு உடல் இரு பக்கமும் தோற்கும். முட்டையிடும் காலமும் கொஞ்சம் விலகினால் போதும்.

நெய்தல்: நாட்கணக்கில்தான் மிதக்கும் என்றால் ஜப்பான் பக்கமிருந்து 5,000 கி.மீ.க்கு மேல் எப்படி வந்தது?

சிப்பிமகள்: அபூர்வமாக நடந்தால் போதுமே, லட்சக்கணக்கான ஆண்டுகள் இருக்கின்றன. மூன்றும் ஒரே கிளை என்பதால் வந்து நிலைத்தது ஒரு தடவைதான்.

நெய்தல்: சரி, அதை விடுங்கள். பேர்ட் குழுவின் 2007 ஆய்வில் கவாய் தீவின் டால்கோசா மற்ற ஹவாய்த் தீவுகளில் உள்ளவற்றிலிருந்து மரபணுவில் விலகி நிற்கிறது. கடல் பிரிக்கிறதே!

கரையோரன்: பிரித்தது, ஆனால் இரண்டு பக்கமும் இன்னும் டால்கோசாதான். உயரம் மாறிய இடத்தில்தான் புது இனம் இருக்கிறது.

நெய்தல்: இன்னும் காலம் போதவில்லை என்றும் சொல்லலாம். பழைய தீவுகள் பல அரிக்கப்பட்டுக் கடலில் அமிழ்ந்துவிட்டன, அங்கே பிரிந்திருக்கலாம்.

கரையோரன்: மூழ்கிய தீவைச் சாட்சிக்கு அழைத்தால் யார் குறுக்கு விசாரணை செய்வது?

நெய்தல்: முழு மரபணுத்தொகுதி செய்யட்டும். பிரியத் தொடங்கிய காலத்திலேயே இனங்களுக்குள் கலப்பு நடந்த தடயம் கிடைத்தால் உங்கள் கட்சிக்கு வந்துவிடுகிறேன். அதுவரை மாட்டேன்.