சலூன் வேலை கற்க சமுதாயக் கல்லூரியா, நேராகக் கடையா?

பெரம்பூர்க்காரன்: பிளஸ் டூ முடித்த தம்பி சலூன் வேலைதான் கற்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். சமுதாயக் கல்லூரியில் டிப்ளமோ சேர்க்கலாமா, இல்லை தெரிந்த அண்ணன் கடையிலேயே விட்டுவிடலாமா?

கத்திரி: வடபழனியில் கடை வைத்திருக்கிறேன். தாராளமாகச் சேருங்கள், ஆனால் பயிற்சிக்கு நிஜ ஆட்கள் வருகிறார்களா, இல்லை பொம்மைத் தலையோடு முடித்துவிடுகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். எங்களிடம் வருகிற பையன்கள் முடிவெட்டும் மெஷினில் மாட்டுகிற சீப்பு (கார்டு) 1-ஆம் நம்பர் என்றால் முடி 3 மி.மீ. நிற்கும், 2 என்றால் 6 மி.மீ. என்று ஒப்பிப்பார்கள், அந்த இரண்டு நீளத்துக்கும் நடுவில் விழும் கோடு தெரியாமல் கரைக்கச் சொன்னால் கை நடுங்கும். நுரை தடவிய பலூனில் சவரக்கத்தியை 30 டிகிரி சாய்த்து இழுக்கப் பழக்குகிற இடமா, யோசிக்கவே வேண்டாம்.

அண்ணாநகர் அக்கா: தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழக அங்கீகாரம் இருக்கிறதா பாருங்கள் தம்பி. ஐடிஐயில் காஸ்மெட்டாலஜி ஒரு வருடப் படிப்பு உண்டு, அது பெரும்பாலும் அழகுக்கலைதான்.

ஃபேடு பிரியன்: இரண்டும் ஏன் கூடாது? வாரநாளில் வகுப்பு, ஞாயிறு கடை, கூட்டமே அன்றுதான். செவ்வாய்க்கிழமை அனுப்பினால் பூட்டைப் பார்த்துவிட்டு வருவான் :)

பெரம்பூர்க்காரன்: சரி, முதலில் பலூன் விஷயத்தைக் கேட்டுவிட்டு வருகிறேன்.