தமிழ் இண்டி (சினிமா சாராத, சுயாதீன) ஆல்பத்துக்கு விமர்சனம் எழுதுபவர் யாராவது?
பெங்களூர் அல்சூரில் என் வீட்டு அறையிலேயே நாலு பேர் சேர்ந்து ஒலிப்பதிவு செய்த எட்டுப் பாட்டு ஆல்பம், மார்ச்சில் பேண்ட்கேம்ப், ஸ்பாட்டிஃபை ஆகிய இசைத் தளங்களில் வந்தது, இன்றுவரை ஒரு விமர்சனம்கூட இல்லை. வெளியீட்டுக்கு முன்பே கேட்கக் கொடுக்காதது எங்கள் தப்புதான். அப்புறம் இசை பற்றி எழுதும் 23 பேருக்கு லிங்க், பாடல் வரிகள், ஆங்கில மொழிபெயர்ப்பு எல்லாம் மின்னஞ்சலில் அனுப்பினேன், இரண்டு முறை நினைவூட்டியும் பார்த்தேன். பெங்களூரில் எழுதுபவர்கள் தமிழ் புரியாது என்கிறார்கள், சென்னையில் எந்தப் படம் என்று கேட்கிறார்கள். ஒருவர் மட்டும் 5,000 ரூபாய் கொடுத்தால் 4 நட்சத்திரம் என்றார்! பிட்ச்ஃபோர்க் என்ற அமெரிக்க இசை விமர்சனத் தளத்தின் பாணியில் 10க்கு 3.2 போட்டாலும் சரி, கேட்டுவிட்டுத் திட்டட்டும்.

சினிமா சாராத தமிழ் ஆல்பங்களைக் காசு வாங்காமல் கேட்டு எழுதுபவர் யாரையாவது தெரியுமா?