1:24 ஃபோர்ட் டி மாடல் 1913: பெயின்ட் வெளிறுது, ஒரு சில்லு நிலத்தில முட்டுதில்லை

வெள்ளவத்தை_24

வணக்கம். ஐசிஎம் பிளாஸ்டிக் மாதிரி கார் கிட், 1913 ரோட்ஸ்டர் (திறந்த ரெண்டு இருக்கை வண்டி), 1:24 அளவு. நாலு பிரச்சினை.

1) லக்கர் கிளியர் (நிறமில்லாத மேற்பூச்சு) அடிச்சுப் பத்து நிமிசத்தில பொனட்டிலயும் மட்காட்டிலயும் பால் ஊத்தின மாதிரி வெள்ளைப் படலம். பாகங்களை ஏசி அறையில வைச்சிருந்து, பல்கனிக்குக் கொண்டுபோய் ஸ்ப்ரே பண்ணுறன்.
2) சில்லுக் கம்பைகள் (ஆரக்கால்கள்) மர நிறமா, பொடி (வண்டி உடல்) நிறமா? ரயர் கறுப்பா?
3) சேஸி (அடிச்சட்டம்) ஒட்டி முடிஞ்சுது. மேசையில வைச்சா முன் இடப்பக்கச் சில்லு தூக்கி நிக்குது.
4) கொழும்பில ஓடின வண்டியாகக் காட்ட விருப்பம். ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாத்தலாமோ?

பெயின்ட் எல்லாம் டாமியா. எயார்பிரஷ் 0.3 நொசில்.

ஈரப்பதன்

முதலாவதுக்கு விடை உங்கட கேள்விக்குள்ளயே கிடக்குது. வெளியில 30 பாகை, ஈரப்பதன் 80 வீதம் எண்டால் பனிபடுநிலை (காத்தில உள்ள நீராவி தண்ணியாகத் தொடங்கிற வெப்பநிலை) 26 பாகையை ஒட்டி நிக்கும். ஏசி அறையில 24 பாகைக்குக் குளிர்ந்த பிளாஸ்டிக்கை அந்தக் காத்துக்குக் கொண்டுவந்தால், ஸ்ப்ரே தொட முதலே மேற்பரப்பில கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் வந்திடும். அதுக்கு மேல தின்னர் (பெயின்டை இளக்கிற திரவம்) ஆவியாகேக்க வெப்பத்தை இழுத்து இன்னும் குளிராக்கும். அந்த ஈரம் லக்கருக்குள்ள அடைபட்டதுதான் நீங்கள் பார்க்கிற வெள்ளை.

ரெண்டில ஒண்டு செய்யுங்கோ. பாகம், பெயின்ட், தின்னர் எல்லாத்தையும் பல்கனியிலயே ஒரு மணித்தியாலம் வைச்சு, அந்தக் காத்தின்ர வெப்பத்துக்கு வந்த பிறகு அடியுங்கோ. இல்லையெண்டால் ஏசியை ட்ரை மோடில போட்டு அந்த அறைக்குள்ளயே அடியுங்கோ: 25 பாகை, 60 வீதம் எண்டால் பனிபடுநிலை 17க்குக் கீழ போயிடும், படலம் வர இடமில்லை. ஆனால் புகையை வெளியில தள்ள ஃபேன் பூட்டின பெட்டி கட்டாயம், முகத்துக்கு ஆவி வடிகட்டி மாஸ்கும் வேணும். துணி மாஸ்க் ஆவியை மறிக்காது.

தின்னரும் முக்கியம். வேகமாக உலருற தின்னர் கூடக் குளிராக்கும். ரிட்டார்டர் (உலருறதைத் தாமதிக்கிற திரவம்) கலந்தது, மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் மாதிரி, மெதுவாகப் போகும். ஈரம் தப்பிப் போக நேரம் கிடைக்கும். ஹார்ட்வெயார் கடை என்சி (நைட்ரோசெலுலோஸ்) தின்னரைப் பிளாஸ்டிக்கில தொடவே வேண்டாம், பொலிஸ்டைரீனைக் கரைச்சுப்போடும்.

வந்த வெள்ளையை உரிக்கத் தேவையில்லை. ரெண்டு நாள் காய விட்டு, வறண்ட நேரமாப் பார்த்து லெவலிங் தின்னரை மட்டும் 20 சென்ரிமீற்றர் தூரத்தில மெல்லிய தூவலா ஒருக்கா அடியுங்கோ. படலம் திரும்ப இளகி ஈரத்தை விட்டிடும். பளபளப்பு வந்த உடன நிப்பாட்டுங்கோ. இன்னொரு தூவல் போட்டால் விளிம்பில வழியும். வேண்டாத ஸ்ப்ரூ (பாகங்கள் பொருந்தி வாற பிளாஸ்டிக் சட்டம்) துண்டில முதல் பழகிப் பாருங்கோ.

கொம்பிரசர் குழாயில தண்ணி தேங்கித் துப்புறது வேற சிக்கல். ஈரப்பொறியைக் கொம்பிரசரிலயல்ல, எயார்பிரஷ் பிடியில பூட்டினால்தான் குழாய்க்குள்ள குளிர்ந்து சேருற தண்ணியையும் பிடிக்கும்.

பித்தளை_விளிம்பு

நிறத்தைப் பற்றி. "கறுப்பு மட்டும்" என்ற நடைமுறை 1914 முதல் 1925 வரைக்குத்தான். 1913 வண்டி மிகக் கடும் நீலம், நிழலில் கறுப்பென்றே தோன்றும். டாமியா எக்ஸ்-3 ரோயல் புளூவும் எக்ஸ்-1 கறுப்பும் 2:3 விகிதத்தில் தொடங்குங்கள். 1:24 மாதிரியில் சற்று வெளிறியிருந்தால்தான் நீலமென்று கண்ணுக்குப் புலப்படும்; ஆகவே கறுப்பைத் துளித் துளியாகச் சேருங்கள்.

கம்பைகளுக்கும் பொடியின் கடும் நீலம்தான். ஒரு சில்லுக்கு 12 கம்பைகள், மரமே, ஆனால் தொழிற்சாலையிலிருந்து பெயின்ட் அடித்தே வெளிவந்தன. இன்று காட்சிகளில் மினுங்கும் வார்னிஷ் சில்லுகள் பெரும்பாலும் பிற்காலத்தில் புதுப்பித்தவர்கள் விரும்பிச் செய்தவை. மர நிறத்தை நானும் ரசிப்பேன், ஆனால் 1913 என்று பெயர்ப்பலகை வைப்பதானால் நீலமே சரி.

ரயருக்கு கறுப்பு வேண்டாம். அக்கால ரப்பரில் துத்தநாக ஒட்சைட்டு கலந்திருந்ததால் சாம்பல் படிந்த வெள்ளை. கரித்தூள் கலந்த கறுப்பு ரயர் பொதுவானது பிறகுதான். எக்ஸ்எஃப்-2 வெள்ளை 6, எக்ஸ்எஃப்-57 பஃப் 1, எக்ஸ்எஃப்-19 ஸ்கை கிரே 1 என்ற கலவை நன்றாக வரும். இன்னொன்று: முன் ரயர் 30×3 அங்குலம், பின் ரயர் 30×3½. வெளி விட்டம் ஒன்றே, தடிப்பு மட்டும் வேறு. 1:24இல் 3.2, 3.7 மில்லிமீற்றர். வேர்னியரால் அளந்து குறித்த பிறகே பூட்டுங்கள். மென்மையான வினைல் ரயராயிருந்தால் அதிலிருக்கும் எண்ணெய் ஒரு வருடத்தில் ரிம்மை உருக்கும், எனவே ரிம்மில் வெள்ளைப் பசை ஒரு பூச்சுப் பூசுங்கள்.

பித்தளையில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். 1913இல் ரேடியேற்றர் ஓடு முழுப் பித்தளை. முன் விளக்குகளுக்கு உடல் கறுப்பு, வளையம் மட்டும் பித்தளை. விளக்கு முழுவதையும் பொன்னிறமாக்கினால் 1912 ஆகிவிடும். ஓட்டுக்கு எக்ஸ்-1 கிளொஸ் கறுப்பு அடித்து 48 மணித்தியாலம் விட்டு, எக்ஸ்-12 கோல்ட் லீஃப் 4 துளி, எக்ஸ்-11 வெள்ளி 1 துளி கலந்து மெல்லியதாகத் தூவுங்கள். மேலே கிளியர் அடிக்காதீர்கள், மினுக்கம் இறந்துவிடும்.

வளையங்களுக்கு உண்மையான பித்தளைக் கம்பியே அழகு. செட்டியார் தெருப் பக்கம் தட்டார் கருவி விற்கும் கடைகளில் 0.3 மில்லிமீற்றர் கம்பி, கைத்துரப்பணம், நுண் இடுக்கி எல்லாம் கேட்டுப் பாருங்கள். விளக்கின் விட்டத்தை விட 0.5 மில்லிமீற்றர் சிறிய துரப்பண அலகில் கம்பியை இறுக்கிச் சுற்றி, சுருளை நீளவாக்கில் வெட்டினால் ஒரே அளவான வளையங்கள் விழும். கம்பி மீண்டு விரியும், அதனால்தான் சிறிய அலகு. கடற்காற்றில் பித்தளை கறுக்கும்; இதற்கு மட்டும் லக்கர் பூச்சு அவசியம். முன் விளக்குகள் அசற்றலீன் வாயுவில் எரிந்தவை, ஆகவே இடப்பக்க மிதிபலகையில் உள்ள வாயு உற்பத்திச் சிமிழிலிருந்து விளக்குக்கு 0.5 மில்லிமீற்றர் வயர் இழுங்கள். வண்டிக்கு உயிர் தருவது அந்த ஒரு குழாய்தான்.

வெள்ளவத்தை_24

நன்றி அண்ணை. ரயரை நேற்றே கறுப்பு அடிச்சிட்டன், திரும்ப அடிக்கிறன். சேஸி?

கண்ணாடிப்பலகை

தம்பி, முதலில் எவ்வளவு தூக்குது எண்டு அளவுங்கோ. தடித்த கண்ணாடியில வைச்சு, சில்லுக்குக் கீழ சாதாரண 80 கிராம் கடதாசிக் கீலங்களை ஒண்டொண்டாச் செருகுங்கோ. ஒரு தாள் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். மூண்டு தாள் வரைக்கும் எண்டால் அச்சில பிழை, அதுக்கு மேல எண்டால் சட்டம் முறுகியிருக்கு.

டி மாடலில அச்சு ஒண்டுக்கு ஒரே ஒரு குறுக்கு வில்தான். நாலு மூலையிலும் வில் உள்ள வண்டி மாதிரி பிழையைப் பகிர்ந்துகொள்ளாது, ஒரு முனை அரை மில்லிமீற்றர் சரிந்தாலே மற்றச் சில்லு எழும்பும். வில்லும் அச்சும் சேருற இடத்தில எக்ஸ்ட்ரா தின் (தண்ணி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக்) பசை ஒரு துளி விட்டு இளக்கி, கண்ணாடியில நாலு சில்லையும் பதியவைச்சு, மேல இரும்புத் துண்டு ஒண்டை வைச்சு 24 மணித்தியாலம் தொடாதேங்கோ. வெளியில காய்ஞ்ச மாதிரித் தெரியும், உள்ளுக்கு மெத்தெண்டு இருக்கும்.

சட்டம் முறுகினால் 60 முதல் 65 பாகைத் தண்ணியில அரை நிமிசம் வைச்சு, எதிர்ப்பக்கம் கொஞ்சம் கூடத் திருகி, அப்படியே பச்சைத் தண்ணியில பிடியுங்கோ. கொதிதண்ணி வேண்டாம், பாகமே சுருண்டுபோகும். பிறகு சில்லிடைத் தூரம் பாருங்கோ: அசல் 100 அங்குலம், உங்களுக்கு 105.8 மில்லிமீற்றர். ரெண்டு மூலைவிட்டமும் அரை மில்லிமீற்றருக்குள்ள ஒத்துவர வேணும்.

வலப்பக்க ஸ்டியரிங் சரியான யோசனை. பிரித்தானியா தவிர்ந்த பேரரசு நாடுகளுக்கு கனடா ஃபோர்ட்தான் வண்டி அனுப்பினது, வலப்பக்கமாவும் செய்தது. தண்டை மட்டும் நகர்த்தினால் போதாது. டாஷ் பலகையில கண்ணாடிப் பிம்ப இடத்தில 1.2 மில்லிமீற்றர் துளை போட்டு, பழைய துளையை ஸ்ப்ரூவைப் பசையில கரைச்ச களியால அடையுங்கோ. களி சுருங்கும், ரெண்டு தடவை நிரப்ப வேணும். கைப்பிரேக்கும் மூண்டு பெடலும் மாறும். கீழ முன்னச்சுக்குக் குறுக்கா ஓடுற ஸ்டியரிங் தண்டும் திசை மாறும், கனபேர் மறக்கிறது இதைத்தான். இதையெல்லாம் சேஸியை நேராக்க முதல் செய்யுங்கோ. பிறகு அழுத்தித் துளைபோட்டால் திரும்பவும் முறுகும்.