செம்பனை பிரஸ் ஸ்குருவுக்கு நைட்ரைடிங் தாங்குமா?

சிப்புட் தம்பி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் ஃபிட்டராக இருக்கிறேன். பழம் பிழியும் இரட்டை ஸ்குருவின் விளிம்பு சீக்கிரம் தேய்கிறது. தேய்ந்துவிட்டால் சக்கையோடு எண்ணெயும் போய்விடும். இதுவரை ஹார்ட்ஃபேசிங் ராடு (தேயாத கடின உலோகத்தைப் படியவைக்கும் வெல்டிங் ராடு) போட்டு விளிம்பைக் கட்டி ஓட்டுகிறோம். புதிதாக வந்த எஞ்சினியர், நைட்ரைடிங் செய்து, அதாவது நைட்ரஜன் ஏற்றி மேற்பரப்பைக் கடினமாக்கினால், வெல்டிங் வேலையே வேண்டாம் என்கிறார். சரிதானா?

உலோகப்பித்தன்: சரிதான். அம்மோனியா வாயுவில் 500 முதல் 550 டிகிரி வரை சூட்டில் வைத்தால், நைட்ரஜன் எஃகுக்குள் ஊறும். அலுமினியம், குரோமியம் கலந்த எஃகு என்றால் மேற்பரப்பின் கடினம் 1000 விக்கர்ஸைத் (கடினத்தை அளக்கும் அலகு) தாண்டும். சூட்டோடு எண்ணெயில் முக்கிக் குளிர்விக்க வேண்டியதில்லை, அதனால் உருப்படி வளைவதும் குறைவு. வெல்டிங்கில் இதெல்லாம் கிடைக்குமா?

பழைய பட்டறை: தம்பி, கடினம் இருக்கட்டும், அந்தப் படலத்தின் கனம் எவ்வளவு? நாள்கணக்கில் உலையில் வைத்தாலும் அரை மில்லிமீட்டர் வந்தால் பெரிது. ஸ்குருவில் போவது வெறும் பழமா? கொட்டை, நார், தரையில் பொறுக்கிய உதிரிப்பழத்தோடு ஒட்டிவரும் மணல், எல்லாம் சேர்ந்து அரைக்கும். அந்த அரை மில்லி போனதும் உள்ளே மெத்தென்ற எஃகுதான். நீங்கள் போடும் ஹார்ட்ஃபேசிங்கில் குரோமியம் கார்பைடு ராடு என்றால் 3, 4 மில்லி கனத்துக்கு நிற்கும்.

உலோகப்பித்தன்: அந்த ராடு போட்டதும் குறுக்கே விரிசல் விடுகிறதே, ஐயா, அதைப் பார்த்ததில்லையா? கனம்தான் வேண்டும் என்றால் கார்பரைசிங் இருக்கிறது. கார்பன் குறைந்த எஃகை 900 டிகிரிக்கு மேல் வைத்து, கார்பன் ஏற்றி, முக்கி எடுத்தால் ஒரு மில்லிக்கு மேல் கடினப் படலம், ராக்வெல் சி என்ற கடின அளவுகோலில் 60 வாக்கில்.

பழைய பட்டறை: அந்த விரிசல் இறுக்கத்தைத் தளர்த்துவதற்குத் தானாக விழுவது. அடி எஃகுக்குள் இறங்காதவரை கவலையில்லை. கார்பரைசிங் செய்தது தேய்ந்தால் மறுபடி உலைக்கு அனுப்புவீர்களா? ஆலை அதுவரை நிற்குமா? நைட்ரைடிங் செய்ததன் மேல் வெல்டிங் வைத்தாலோ நைட்ரஜன் கொப்பளித்து ஓட்டை ஓட்டையாக வரும்.

லேத் அக்கா: இரண்டு பேரும் ஒரே ஸ்குருவைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்கள். நைட்ரைடிங்குக்கு ஏற்ற இடம் அதே பிரஸ்ஸின் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்; ஆயில் சீல் உரசும் இடத்தில் மெல்லிய கடினப் படலமே போதும், அளவும் அதிகம் மாறாது. ஆனால் கடையில் கிடைக்கும் மைல்டு ஸ்டீலை (கார்பன் குறைந்த சாதாரண எஃகு) கொடுத்துவிட்டு 1000 விக்கர்ஸ் கேட்காதீர்கள். குரோமியமோ அலுமினியமோ இல்லாமல் அந்தக் கடினம் வராது.

சிப்புட் தம்பி: இன்று கழற்றிய ஸ்குருவை அளந்தேன். விளிம்பில் ஐந்து மில்லி போயிருக்கிறது.

பழைய பட்டறை: அப்புறம் என்ன பேச்சு? ராடை எடுங்கள்.

உலோகப்பித்தன்: எடுங்கள், ஆனால் கார்பன் கூடிய எஃகாக இருந்தால் முதலில் 200 டிகிரி வாக்கில் சூடேற்றுங்கள். இல்லையென்றால் ஐயா சொன்ன விரிசல் அடி எஃகுக்குள்ளேயே இறங்கும்.