எறியம் வேறு, ஆள்கூற்று முறை வேறு: மெனுவில் என்ன சொல் வைப்பது?

வணக்கம் நண்பர்களே,

நிலப்பட மென்பொருளின் மெனுக்களைத் தமிழாக்குவது பற்றிய இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன், உட்கார்ந்து எழுத இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. கோஆர்டினேட் ரெஃபரன்ஸ் சிஸ்டம், அதாவது நாமெல்லாம் பேச்சில் சிஆர்எஸ் என்று சொல்வது (ஓர் இடத்தைக் குறிக்கிற எண்களை எப்படிப் படிப்பது என்று சொல்கிற முறை), அதற்கு இதுவரை ஐந்தாறு சொற்கள் வந்துவிட்டன. பெரும்பாலும் மூன்று ஆங்கிலச் சொல்லுக்கு மூன்று தமிழ்ச் சொல் என்று அடுக்கியவை.

> ஆயத்தொலைவு மேற்கோள் அமைப்பு

இதைத்தான் அதிகம் பேர் ஆதரித்திருக்கிறார்கள். மன்னிக்கவும், எனக்கு ஒப்பவில்லை. மேற்கோள் என்றால் திருக்குறளை எடுத்துக் காட்டுவதுதான் யாருக்கும் நினைவுக்கு வரும். அமைப்பு என்ற சொல்லை இதே மென்பொருளில் செட்டிங்ஸ் பக்கத்துக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். இரண்டையும் சேர்த்துப் படிக்கிற ஒரு நில அளவையர், மேற்கோள் குறியை எங்கே போடுவது என்று அமைக்கிற இடம் போலிருக்கிறது என்று நினைத்தால் அவர் மேல் தப்பில்லை.

சொல்லைப் பிடிப்பதற்கு முன்னால் அது எந்தப் பொத்தானில் உட்காரப்போகிறது என்று பாருங்கள். கியூஜிஐஎஸ் போன்ற நிலப்பட மென்பொருளில் இது சம்பந்தமாக இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று, அடுக்கின் (படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிற தரவுத் தொகுப்பின்) சிஆர்எஸ்ஸை 'செட்' செய்வது. இன்னொன்று, அடுக்கை 'ரீப்ராஜெக்ட்' செய்வது. நம் மொழிபெயர்ப்புத் தாளில் முதலாவதற்கு 'எறியம் அமை' என்றும் இரண்டாவதற்கு 'எறியம் மாற்று' என்றும் இருக்கிறது (எறியம் என்றால் ப்ராஜெக்‌ஷன், உருண்டையான பூமியைத் தட்டையாக்கும் முறை). இது ஆபத்து. ஏன் என்று சொல்ல, நான் செய்த கூத்தையே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஏரி, கண்மாய்களின் பட்டியல் ஒன்று எக்செல் கோப்பாக எங்கள் கைக்கு வந்தது. திண்டுக்கல், மதுரைப் பக்கத்து நீர்நிலைகள். ஒவ்வொன்றுக்கும் கிழக்கே எத்தனை மீட்டர், வடக்கே எத்தனை மீட்டர் என்று யூடிஎம் (இடத்தை மீட்டரில் குறிக்கிற ஓர் உலகளாவிய கட்டமுறை) எண்கள் மட்டும் இருந்தன, எந்த வலயம் என்று எழுதவில்லை. யூடிஎம் உலகத்தை ஆறு ஆறு பாகையாக 60 வலயங்களாக வெட்டுகிறது. 43-க்கும் 44-க்கும் நடுவில் இருக்கிற 78 பாகைக் கோடு தமிழ்நாட்டின் வழியாகத்தான் போகிறது, அதுவும் திண்டுக்கல் ஊருக்கு ஒட்டிக் கிழக்கே. திண்டுக்கல் 43, மதுரை நகரம் 44. கோட்டுக்கு மேற்கே ஒரு கண்மாயின் கிழக்களவு சுமார் 8,28,000 என்று இருக்கும், கோட்டைத் தாண்டி நாலு அடி வைத்தால் அது 1,71,000 என்று ஆகிவிடும். எனக்கு அப்போது இது உறைக்கவில்லை. எல்லாவற்றையும் 44 என்று சொல்லி ஏற்றினேன். மதுரைக் கண்மாய்கள் மதுரையில் இருந்தன. திண்டுக்கல் கண்மாய்கள் எல்லாம் 84 பாகைக்குப் போய், யாழ்ப்பாணத்தையும் தாண்டி வங்கக் கடலில் வரிசையாக மிதந்தன. 650 கிலோமீட்டர்!

சரி, 43-ஆக இருக்கும் என்று மெனுவில் போய் மாற்றினேன். திண்டுக்கல் வீடு திரும்பியது, மதுரைக் கண்மாய்கள் மேற்கே பாய்ந்து லட்சத்தீவுப் பக்கம் போய்விட்டன. செய்திருக்க வேண்டியது, கோப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கு 43 என்று சொல்லி, அதை 44-க்குக் கணக்குப் போட்டு மாற்றி, பிறகு ஒட்டுவது. நான் செய்ததோ பெயர்ப்பலகையை மாற்றி மாற்றி மாட்டியது. எண் ஒன்றுகூட மாறவில்லை, எண்ணைப் பற்றி மென்பொருளிடம் நான் சொன்ன தகவல்தான் மாறியது.

நிலத்தோடு பழகுகிறவர்களுக்கு இதை ஒரே வரியில் சொல்லலாம். பத்திரத்தில் 5 ஏக்கர் என்று இருக்கிறது. 'ஏக்கர்' என்பதை அடித்துவிட்டு 'ஹெக்டேர்' என்று எழுதுவது ஒரு வேலை. 5-ஐ 0.4047-ஆல் பெருக்கி 2.02 ஹெக்டேர் என்று எழுதுவது வேறு வேலை. முதல் வேலை நியாயமாவது ஒரே ஒரு சமயத்தில்தான்: ஏக்கர் என்று எழுதியதே முதலில் தப்பாக இருந்தால்.

அதனால் என் முன்மொழிவு இது. சிஆர்எஸ்ஸுக்கு 'ஆள்கூற்று முறை'. முதல் கட்டளைக்கு 'ஆள்கூற்று முறையை அறிவி'. இரண்டாவதற்கு 'வேறு ஆள்கூற்று முறைக்குக் கணக்கிடு'. நீளம்தான், தெரியும். ஆனால் 'மாற்று' என்ற சொல் இரண்டிலும் வரவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன், ஏனென்றால் எதையாவது மாற்ற வேண்டும் என்ற அவசரத்தில்தான் ஆள் இந்த மெனுவுக்கே வருகிறான், 'மாற்று' என்று எங்கே பார்த்தாலும் அழுத்திவிடுவான்.

அடுத்து, ஏன் எறியம் இல்லை. இலங்கை நண்பர் எழுதியது போல எறியம் நல்ல சொல், அங்கே பாடத்திலேயே இருக்கிறது, தமிழ்நாட்டுக் கணக்குப் புத்தகத்து வீழலைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். அதை ப்ராஜெக்‌ஷனுக்கே வைத்துக்கொள்வோம், ஆனால் அதற்கு மட்டும். ஈபிஎஸ்ஜி 4326 (ஈபிஎஸ்ஜி பட்டியலில் ஓர் ஆள்கூற்று முறையின் எண்) என்று தினமும் எழுதுகிறோமே, அதில் எறியமே கிடையாது. உருண்டையைத் தட்டையாக்கவில்லை, பாகைக் கணக்கு அப்படியே இருக்கிறது. இணைய வரைபடங்கள் எல்லாம் பயன்படுத்துகிற 3857-இல் எறியம் உண்டு, மெர்கேட்டர். ஆக, எறியம் இருக்கிற ஆள்கூற்று முறையும் உண்டு, இல்லாததும் உண்டு. முழுதுக்கும் உறுப்பின் பெயரை வைத்தால் 4326-இன் எறியம் என்ன என்று ஒரு பிள்ளை கேட்கும், நாம் முழிப்போம். ஆங்கிலத்திலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். இருக்கட்டும், அதை நாம் இறக்குமதி செய்ய வேண்டுமா?

3857 பற்றிச் சொன்னதால் ஒரு சின்ன விஷயம். அந்த முறையிலேயே வைத்துக்கொண்டு தட்டைக் கணக்காகப் பரப்பளவு எடுத்தால், சென்னைப் பக்கம் 100 சென்ட் நிலம் சுமார் 106 சென்ட் என்று வரும். விற்கிறவருக்குச் சந்தோஷம். நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போகப் போக இது மோசமாகும், டொரான்டோவில் 100 மீட்டர் தெரு 138 மீட்டர். 'கணக்கிடு' என்ற சொல் மெனுவில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

இனி, கோஆர்டினேட்டுக்கு இலங்கையின் ஆள்கூறா, தமிழ்நாட்டின் ஆயத்தொலைவா. நான் தமிழ்நாட்டுக்காரன், பள்ளியில் படித்தது ஆயத்தொலைவுதான், ஆள்கூறு என்று முதலில் பார்த்தபோது எந்த ஆளைப் பற்றிய கூறு என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனாலும் இந்த இடத்தில் ஆள்கூறு பக்கம்தான் நிற்கிறேன். காரணம் ஊர்ப்பற்றோ இலங்கைப்பற்றோ இல்லை, ஆயத்தொலைவில் இருக்கிற 'தொலைவு'. 13.08, 80.27 என்பது சென்னை. இதில் தொலைவு எங்கே இருக்கிறது? இரண்டும் கோணம். புதிதாக நிரலெழுத வருகிற பத்துப் பேரில் பாதிப் பேராவது இந்தப் பாகைகளைத் தூரமாக நினைத்துப் பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டு, விடை 0.4 என்று வந்ததும் அது மீட்டரா கிலோமீட்டரா என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். சொல்லே அந்தப் பக்கம் தள்ளிவிட வேண்டாம். மீட்டரில் வருகிற யூடிஎம் போன்றவற்றுக்குக் கிழக்களவு, வடக்களவு. பாகையில் வருவதற்கு அகலாங்கு, நெட்டாங்கு. அட்சரேகை, தீர்க்கரேகை என்றால் கோடு, நமக்கு வேண்டியது கோணத்தின் எண், அதனால் அவற்றைத் தவிர்த்தேன்.

(வரிசைச் சண்டையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 4326-இன் அதிகாரபூர்வ வரையறையில் அகலாங்கு முதலில். ஜியோஜேசன் கோப்பு வடிவத்தில் நெட்டாங்கு முதலில். மாற்றிக் கொடுத்தால் சென்னை, ஸ்வால்பார்டுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் விழும். 'அச்சு வரிசை' என்று தாளில் இருப்பது போதும், அதில் கை வைக்க வேண்டாம்.)

இப்போது டேட்டம். இதுதான் உண்மையிலேயே கடினம், இதற்குத்தான் நான் அதிகம் யோசித்தேன். 'தரவு' என்று ஒருவர் போட்டிருக்கிறார், டேட்டாவின் ஒருமைதானே என்று. அகராதிப்படி சரி, வேலைக்கு ஆகாது, 'தரவின் தரவு' என்று வரி வரும். பொருளைப் பாருங்கள். பூமி சரியான உருண்டையும் இல்லை, ஒழுங்கான நீள்கோளமும் இல்லை. கணக்குக்காக ஒரு நீள்கோளத்தை எடுத்து, அதைப் பூமியோடு எங்கோ ஓர் இடத்தில் பொருத்துகிறோம். அந்தப் பொருத்தம்தான் டேட்டம். ஆங்கிலேய அளவையாளர் லாம்டன் 1802-இல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய அளவை வேலை வடக்கே போய், பின்னால் ஜார்ஜ் எவரெஸ்டின் 1830 நீள்கோளத்தை மத்தியப் பிரதேசத்துக் கல்யாண்பூரை ஆதாரமாக வைத்துப் பொருத்தினார்கள். ஜிபிஎஸ் பயன்படுத்துகிற டபிள்யூஜிஎஸ் 84 பூமியின் நிறைமையத்தோடு பொருத்தியது. கிணறு நகரவில்லை, ஆனால் இரண்டிலும் அதன் அகலாங்கும் நெட்டாங்கும் வேறு. பழைய நிலப்படத்தில் இருக்கிற எண்ணை அப்படியே கைபேசியில் போட்டு நடந்தால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி, பக்கத்துக்காரர் தோட்டத்தில் போய் நிற்போம்.

முதலில் எனக்குப் பிடித்த சொல் 'அடிமானம்'. அடித்தளம் என்ற பொருளும் உண்டு, மானம் என்றால் அளவு என்ற பொருளும் உண்டு, இதைவிட என்ன வேண்டும் என்று துள்ளிக் குதித்தேன். வீட்டில் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். "எந்த நிலத்தை அடமானம் வைக்கிறீங்க?" என்று கேள்வி வந்தது. அத்தோடு முடிந்தது. புல எண்ணும் பட்டாவும் இருக்கிற திரையில் 'அடிமானம் மாற்றம்' என்று ஒரு பெட்டி வந்தால் பயனர் மென்பொருளை மூடிவிட்டு வங்கிக்கு ஓடுவார்.

ஆகவே 'கால்கோள்' என்று முன்வைக்கிறேன். கால்கோள் விழா என்று அழைப்பிதழில் எல்லோரும் பார்த்ததுதான், முதல் கல் நட்டு வேலையைத் தொடங்குவது. அங்கே நட்ட பிறகு சுவர், வாசல், கிணறு எல்லாம் அதிலிருந்துதான் அளக்கப்படும். டேட்டமும் அதேதான். கூட்டுச் சொல்லாகவும் வளைகிறது: கல்யாண்பூர்க் கால்கோள், உயரக் கால்கோள், கால்கோள் பெயர்ச்சி. இலங்கையில் பழைய கந்தவலக் கால்கோளிலிருந்து 1999-ஆம் ஆண்டின் கால்கோளுக்குப் போனார்கள் என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை. விழா வாடை அடிக்கிறது என்று யாராவது சொல்வீர்கள். அடிக்கட்டும், நாலு தடவை மெனுவில் பார்த்தால் போய்விடும்.

உயரத்துக்கு மட்டும் ஒரு மாற்றுக் கருத்தை நானே சொல்கிறேன். கொத்தனார் சுவரில் நீர்மட்டக் குழாய் வைத்து ஒரு கோடு அடிப்பார், அப்புறம் ஜன்னல், லின்டல் எல்லாம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை அடி என்றுதான் பேச்சு. கடல் மட்டம் என்று நாம் சொல்வதும் அதே மாதிரிதான். அதனால் உயரத்துக்கு 'ஆதார மட்டம்' என்று வைத்தாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

வலயமா மண்டலமா: வலயம். சென்னை மாநகராட்சி மண்டலமும் யூடிஎம் மண்டலமும் ஒரே திரையில் வந்த செயலி ஒன்றை நான் பராமரித்திருக்கிறேன், வேண்டாம்.

கடைசியாக, ஃபால்ஸ் ஈஸ்டிங். தாளில் 'பொய்க் கிழக்கு' என்று இருக்கிறது. சூரியனே குழம்பிவிடும். எண் எதிர்மமாகப் போகக் கூடாது என்று யூடிஎம்மில் 5,00,000 மீட்டரைக் கூட்டி வைக்கிறார்கள், அவ்வளவுதான். இலங்கையின் பழைய கட்டத்தில் 2,00,000 கூட்டினார்கள், புதியதில் 5,00,000. கூட்டுவதுதானே வேலை, அதனால் 'கிழக்குக் கூட்டளவு', 'வடக்குக் கூட்டளவு' என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் 'கூட்டளவு' என்பது மொத்தத் தொகை என்று படிக்கப்படுமோ என்று ஒரு சந்தேகம். இலங்கையில் நில அளவைப் பாடம் நடத்துகிற நண்பர்கள் வகுப்பில் வாய்வழியாக என்ன சொல்கிறார்கள் என்று எழுதினால் நல்லது. அதுவரை அந்த வரியைக் காலியாக விடுகிறேன். 'அறிவி', 'கணக்கிடு' இரண்டையும் யாரும் மறுக்காவிட்டால் ஞாயிறு இரவு ஏற்றிவிடுவேன். கால்கோளுக்கு இன்னும் ஒரு வாரம் திட்டலாம்.