மழைக்காலத்துக்குப் பிறகு ஹெலிகாப்டரின் வால் ஆடுகிறது: ஜைரோ கெட்டுவிட்டதா?

கேள்வி (திருவொற்றியூர்)

வணக்கம். என்னிடம் இருப்பது ரிமோட்டில் பறக்கவிடும் 450 அளவு மின்சார மாதிரி ஹெலிகாப்டர். வால் விசிறி பெல்ட்டில் சுற்றும் வகை. ஐப்பசி மழை தொடங்கியதும் பெட்டியில் வைத்ததைத் தை பிறந்த பிறகுதான் வெளியே எடுத்தோம். ரிமோட்டில் எந்த அமைப்பையும் மாற்றவில்லை. ஆனாலும் மேலெழுந்து ஓரிடத்தில் நின்றவுடன் வால் இடமும் வலமுமாக நொடிக்கு இரண்டு மூன்று முறை ஆடுகிறது. வால் திரும்புவதை உணர்ந்து திருத்தும் ஜைரோவின் கெயினை, அதாவது அது திருத்தும் வலுவைக் குறைத்தால் ஆட்டம் அடங்குகிறது. ஆனால் திராட்டிலை (மோட்டாரின் விசையை) சற்று ஏற்றியதும் மூக்கு இடப்பக்கம் திரும்பிவிடுகிறது. மூக்கு நோக்கும் திசையை ஜைரோவே பிடித்துவைக்கும் ஹெடிங் ஹோல்டில்தான் பறக்கவிடுகிறேன். ஞாயிறு காலை என்றால் எனக்கும் என் மகனுக்கும் இதுதான் வேலை என்பதால், புது ஜைரோ வாங்க வேண்டுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (பெரம்பூர்)

தம்பி, ஜைரோ வாங்கக் கிளம்ப வேண்டாம். அதே கெயினில் மழைக்கு முன் ஒழுங்காகப் பறந்தது என்றால், மாறியது கெயின் அல்ல, வேறு ஏதோ ஒன்று. முதலில் மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளில் இரண்டைக் கழற்றிவிடுங்கள். வீட்டுக்குள் விசிறி சுற்றிக் கையைக் கிழித்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பிறகு வால் சர்வோவிலிருந்து (ஜைரோ சொல்கிறபடி திரும்பும் சிறு மோட்டார்) பந்தில் மாட்டியிருக்கும் பால் லிங்க்கைக் கழற்றி, வால் தண்டின் மீது நகர்ந்து வால் விசிறி இலைகளின் சாய்வை மாற்றும் பிட்ச் ஸ்லைடரை விரலால் நகர்த்திப் பாருங்கள். ஓர் இடத்திலும் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

ஹெடிங் ஹோல்டில் ஜைரோ ஓயாமல் சிறு சிறு திருத்தங்களைச் சர்வோவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஸ்லைடர் பிடித்தால் அந்தச் சிறு திருத்தம் அங்கேயே நின்றுவிடும். ஜைரோ மேலும் அழுத்த, ஸ்லைடர் திடீரென விடுபட்டு வேண்டியதைவிட அதிகமாக நகர்ந்துவிடும். உடனே எதிர்ப்பக்கம் திருத்தம் வரும். நீங்கள் காணும் ஆட்டம் பெரும்பாலும் இதுதான். கெயினைக் குறைத்தால் நோய் மறையுமே தவிர, தீராது. உங்கள் பகுதியின் உப்புக்காற்றில் மூன்று மாதம் கிடந்த இரும்புத் தண்டு துருப்பிடித்திருந்தால் வியப்பில்லை.

பதில் (எண்ணூர்)

பெரம்பூர் ஐயா சொன்னதோடு, ஜைரோவுக்கு அடியிலுள்ள பஞ்சு ஒட்டுநாடாவையும் பாருங்கள். வெயிலில் இறுகியோ பிரிந்தோ இருந்தால் மோட்டாரின் அதிர்வு நேராக ஜைரோவுக்குள் போகும். பேட்டரியை இணைத்த பிறகு, ஜைரோ தயாராகும்வரை ஹெலிகாப்டரை அசைக்கவும் கூடாது.

கேள்வியாளர் (திருவொற்றியூர்)

இருவருக்கும் நன்றி. ஒட்டுநாடா நன்றாகவே இருந்தது. வால் தண்டில்தான், ஸ்லைடர் வழக்கமாக நிற்கும் இடத்திற்குச் சற்றுத் தள்ளி, செம்பழுப்பாக ஒரு வளையம் படிந்திருந்தது. விரலால் தள்ளும்போது அங்கே தெளிவாகப் பிடித்தது. மிக நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். மெதுவான ஆட்டம் அடியோடு நின்றுவிட்டது. கெயினையும் பழைய அளவுக்கே ஏற்றிவிட்டேன். ஆனால் ரட்டரை (வாலைத் திருப்பும் ரிமோட் குச்சியை) வேகமாகத் திருப்பி நிறுத்தும்போது மட்டும், வால் ஒரு கணம் படபடவென நடுங்குகிறது.

பதில் (பெரம்பூர்)

மெதுவான ஆட்டம் பெரும்பாலும் இறுக்கத்தால் வருவது. வேகமான நடுக்கம், கெயின் மிகுதியால் வருவது. கெயினைச் சிறிது குறைத்துப் பாருங்கள். அதில் பிடிப்பு தளர்ந்தால், சர்வோ ஹார்னில் (சர்வோவின் சிறு கை) பால் லிங்க் மாட்டும் பந்தை ஒரு துளை உட்பக்கமாக மாற்றுங்கள். சர்வோ அதே அளவு திரும்பினாலும் ஸ்லைடர் குறைவாக நகரும் என்பதால் திருத்தங்கள் நுட்பமாகும். மாற்றிய பிறகு லிமிட்டை (சர்வோ திரும்பும் எல்லையை) புதிதாக அமைக்க மறக்காதீர்கள்; ஸ்லைடர் இரு முனையிலும் முட்டக் கூடாது.

அப்படியே ஒரு முறை, ஜைரோ திசையைப் பிடித்துவைக்காமல் திரும்பும் வேகத்தை மட்டும் தணிக்கும் ரேட் மோடில் வைத்து, சர்வோ ஹார்ன் புஷ்ராடுக்கு (ஸ்லைடரைத் தள்ளும் கம்பிக்கு) செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். அந்த நிலையில் பறக்கவிட்டு, மூக்கு ஒரு பக்கம் இழுத்தால் புஷ்ராடின் நீளத்தை மாற்றிச் சரிசெய்யுங்கள். ரிமோட்டில் நடுநிலையைச் சற்று நகர்த்தும் டிரிம்மால் சரிசெய்தால், ஹெடிங் ஹோல்டுக்கு மாறியதும் ஜைரோ அதை வாலைத் திருப்பச் சொல்லும் கட்டளையாக எடுத்துக்கொண்டு வாலைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கேள்வியாளர் (திருவொற்றியூர்)

பந்தை ஒரு துளை உள்ளே மாற்றி, லிமிட்டையும் அமைத்துவிட்டேன். இன்று காலை, கடற்காற்று எழுவதற்கு முன் மூன்று பேட்டரி பறக்கவிட்டோம். நடுக்கம் இல்லை, திராட்டிலை ஏற்றினாலும் மூக்கு அசையவில்லை. இனிமேல் எண்ணெய்த் துணியால் தண்டைத் துடைத்த பிறகே பெட்டியை மூடுகிறேன்.