கலைச்சொல் வேண்டும்: வீட்டிலிருந்தே மரத்தில் சின்ன அழகுப்பொருள் செய்வது

தக்கலை டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். மே விடுமுறையில் எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்கும் அம்மாமாருக்கும் ஒரு வகுப்பு வைக்கிறோம். ரப்பர் மரத்துண்டு, பலாத்துண்டு, சிரட்டை இவற்றில் வாத்து, குட்டி வள்ளம் (படகு), மூடியுள்ள சிமிழ், சாவி மாட்டி என்று அலமாரியில் வைக்கிற சாமான்கள் செய்யப்போகிறோம். கையேடு சனிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். அட்டையில் இப்போது இருப்பது ‘மரத்தாலான சிறு அலங்காரப் பொருட்கள் செய்தல்’. வாசிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. பிள்ளைகள் ‘வுட் கிராஃப்ட்’ என்கிறார்கள். வேலைக்கு ஒரு சொல், செய்த சாமானுக்கு ஒரு சொல் தாருங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிந்தால் போதும்.

நாகர்கோவில் புலவர்:
முதலில், ‘பொருட்கள்’ அன்று, ‘பொருள்கள்’. ‘நாட்கள்’ என்று எழுதினால் நாள்பட்ட கள் என்றுதான் பொருள்படும்.

சொல்லுக்கு அலைய வேண்டியதில்லை. பெரும்பாணாற்றுப்படையில் ‘தச்சச் சிறாஅர் நச்சப் புனைந்த ஊரா நற்றேர்’ வருகிறது. தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்த, ஏறி ஓட்ட முடியாத தேர். பயன் இல்லை, அழகு உண்டு. டீச்சர் கேட்கும் பொருள் இதுவேதான். ஆகவே பொருளுக்குப் ‘புனைமரம்’. வினைத்தொகை, முக்காலமும் அடங்கும். வேலைக்கு ‘மரப்புனைவு’.

மார்த்தாண்டத்திலிருந்து:
ஐயா, எங்கள் பக்கம் அக்கானிதான் (பதநீர்) இறக்குகிறார்கள், கள்ளை விடுங்கள்.

‘புனைமரம்’ என்று கொடுத்தால் அச்சகத்துக்காரர் ஒற்று விட்டுப்போச்சு என்று ‘புன்னைமரம்’ ஆக்கிவிடுவார். கடலோரத்தில் புன்னை எண்ணெயை வள்ளத்துக்குப் பூசியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கு வேறெதுவும் தோன்றாது. ‘புனைவு’ என்றால் இன்றைக்குக் கதை, நாவல். யாராவது சிறுகதைப் போட்டி என்று நினைத்துக் கையெழுத்துப்படியோடு வந்து நிற்பார்கள்.

நம் வாயில் புழங்கும் சொல் இருக்கிறதே, கொத்துப்பணி. மரத்தை உளியால் கொத்திச் செதுக்குகிற வேலை. பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகத்தில், அதாவது முகப்பு மண்டபத்தில், அண்ணாந்து பார்த்தால் பூப்பூவாகத் தெரிகிறதே, அது கொத்துப்பணி அல்லாமல் வேறென்ன?

மதுரையிலிருந்து:
கொத்து என்றதும் எங்களுக்குக் கொத்தனார் வருவார், அடுத்தபடியாகப் பரோட்டா வரும். மரம் வரவே வராது.

நாகர்கோவில் புலவர்:
அதோடு அது மலையாள வழக்கு.

மார்த்தாண்டத்திலிருந்து:
கொத்து தமிழ். பணி தமிழ். சேர்த்துச் சொன்னால் மலையாளமா? 1956 நவம்பர் 1-இல் எங்கள் பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தபோது எல்லைதான் மாறியது, விளவங்கோட்டுக்காரன் நாக்கு மாறவில்லை. ‘பணி’ என்பதற்கு அணிகலன் என்றும் பொருள் உண்டு, அகராதியைப் புரட்டுங்கள். கொத்திச் செய்த அணி, கொத்துப்பணி. அலங்காரம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

துபாயிலிருந்து (ஊர் குலசேகரம்):
அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அதனால் சொல்லையும் பாதிப்பாதி வைத்துக்கொள்ளலாமே.

சண்டை வேண்டாம் என்றால் ‘மரச்சொப்பு’ எப்படி? சொப்புச் சாமான் தெரியாத பிள்ளை உண்டா?

நாகர்கோவில் புலவர்:
சொப்பு என்பது செப்பின் திரிபு. செப்பு என்றால் தாமிரம், ‘மரத்தாமிரம்’ என்று ஒரு பொருளா? சரி, சிமிழ் என்ற பொருளும் உண்டு. குறள் 887-இல் ‘செப்பின் புணர்ச்சிபோல்’ என்கிறார் வள்ளுவர். மூடியும் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்ததுபோலத் தெரிவதைச் சொல்கிறார். அப்படியானால் டீச்சரின் சிமிழ் மட்டுமே செப்பு. வாத்துக்கு மூடி ஏது?

இரணியல் பட்டறைக்காரர்:
நான் கடைசல் பட்டறை, மரத்தைச் சுழலவிட்டுக் கடைகிற பட்டறை, வைத்திருக்கிறவன். டீச்சர் சொன்னதில் மூன்று வேலை கலந்து கிடக்கிறது. வாத்து செதுக்குவது, சிமிழ் கடைவது, சாவி மாட்டி அறுத்து ஒட்டுவது. கொத்துப்பணி என்றால் முதல் வேலை மட்டும்தான். கடைசல் என்றால் நடுவேலை. மூன்றுக்கும் பொதுவாக நாங்கள் எதுவும் சொல்வதில்லை, தனித்தனியாகத்தான் கூலி பேசுவோம்.

பெயர் எதுவானாலும் சரி, மரத்தைப் பற்றிக் கையேட்டில் ஒரு பக்கம் போடுங்கள். ரப்பர் மரம் வெளுப்பு, மென்மை, சின்னக் கைக்கு நல்லது. ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம். பச்சைத் துண்டை அப்படியே போட்டு வைத்தால் சில நாளிலேயே நீலப் பூஞ்சணம் பூக்கும், அப்புறம் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசல் ஏற்றி உலர்த்திய துண்டுதான் வாங்க வேண்டும். பலா அப்படியில்லை. வீணைக்கு ஆகிற மரம், முதலில் மஞ்சளாக இருந்து வரவரப் பொன்பழுப்பாக மாறும், சாயமே வேண்டாம். தென்னந்தடியைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். நார், உளியின் கூர் போய்விடும்.

தக்கலை டீச்சர்:
ஆசாரி அண்ணன் எழுதியதை அப்படியே சேர்த்துக்கொள்கிறேன். இந்தக் குழுவில் இந்த வாரம் உருப்படியாகக் கிடைத்தது அதுதான். ஆனால் அட்டை இன்னும் காலியாகவே இருக்கிறது.

மதுரையிலிருந்து:
மூன்றுக்கும் பொது தச்சுத்தானே? அளவு சின்னது. ‘சிறுதச்சு’. சிறுகதை, சிறுதேர் மாதிரி. ஒற்றும் மிகாது, புலவர் ஐயாவுக்கும் வேலை மிச்சம்.

நாகர்கோவில் புலவர்:
ஒற்று மிகாதுதான். ஆனால் வடசொல் ‘தக்ஷன்’ பிராகிருதம் வழியாகத் தச்சன் ஆயிற்று என்று ஒரு கட்சி இருக்கிறது. நான் அந்தக் கட்சியில் இல்லை. தை, தைத்தல், பொருத்துதல். அதிலிருந்து தைச்சு, தச்சு. துணியைத் தைப்பதும் பலகையைத் தைப்பதும் ஒரே வினை. ‘முள் தைத்தது’ என்கிறோமே, அதையும் இங்கே கொண்டுவந்து…

துபாயிலிருந்து:
ஐயா, நாளைக்கு வெள்ளிக்கிழமை.

இரணியல் பட்டறைக்காரர்:
தச்சு என்றால் கணக்கு. ஒரு தச்சுக்கோலுக்கு (அளவுகோல்) 24 அங்குலம், அதை வைத்துத்தான் வாசலும் உத்தரமும் முடிவாகும். வாத்துக்கு என்ன கணக்கு? வால் ஒடிந்தால் கோழி என்று சொல்லிக்கொள்ளலாம். இருந்தாலும் பிள்ளைகள் தச்சு என்று வாயால் சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான். மறுப்பு இல்லை.

மார்த்தாண்டத்திலிருந்து:
எனக்கு உண்டு. மேற்குப் பக்கம் பெருந்தச்சன் கதை தெரியாத வீடு கிடையாது. ‘சிறுதச்சு’ என்று படித்ததும் அப்பன் கை உளி விழுந்து செத்த மகன்தான் நினைவுக்கு வருவான். உளி பிடிக்க வருகிற பிள்ளைகளுக்கு இந்தப் பெயரா?

மதுரையிலிருந்து:
அந்தக் கதையைக் கேட்ட பிள்ளை உளியைக் கவனமாகப் பிடிக்கும் அல்லவா?

தக்கலை டீச்சர்:
அட்டை போய்விட்டது. பெரிய எழுத்தில் ‘சிறுதச்சு’, அடியில் சின்னதாக ‘வீட்டில் செய்யும் மர அழகுப்பொருள்கள்’. ‘ள்’ போட்டாயிற்று ஐயா. உள்ளே பொதுப்பெயர் எதுவும் வைக்கவில்லை, வாத்தை வாத்து என்றும் வள்ளத்தை வள்ளம் என்றும் எழுதியிருக்கிறேன். ஒத்துக்கொண்டவர்கள் ஏழு பேர். அதில் இரண்டு பேர் ‘எதையாவது போடுங்கள்’ என்றுதான் எழுதினார்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து:
என் வீட்டுத் திண்ணையில் நடக்கிற வகுப்புக்குக் கொத்துப்பணி என்றுதான் பலகை தொங்கும். சொல்லிவைக்கிறேன்.

நாகர்கோவில் புலவர்:
கையேட்டின் அச்சுப்படி பார்த்தேன். ஒன்பதாம் பக்கத்தில் ‘உப்புத்தாள்’ என்று இருக்கிறது. அதில் உப்பு ஏது? ‘தேய்தாள்’ என்று திருத்த இன்னும் நேரம் இருக்கிறதா?

இரணியல் பட்டறைக்காரர்:
அதைத் தொடாதீர்கள் ஐயா. கடையில் உப்புத்தாள் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.